ஒப்பந்தம் கிடைக்காமலே போன ராப் கலைஞர்கள்: இந்தக் குரல் யாருடையது?

சுருள்நாடா | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் அவர் பரப்பி வைத்திருந்த பொருள்களுக்கு நடுவே ஒரு செருப்புப் பெட்டி கிடைத்தது. உள்ளே 23 கேசட்டுகள். பெரும்பாலானவை வானொலியிலிருந்து பதிவு செய்தவை. ஆறாவது கேசட்டில் மட்டும் நீலப் பேனாவால் "குட் லைஃப், வியாழன்" என்று எழுதியிருக்கிறது. கீழே மூன்று பெயர்கள் இருந்திருக்கின்றன. தண்ணீர் பட்டு இரண்டு பெயர்கள் மங்கிவிட்டன. மூன்றாவது அடியோடு கரைந்துவிட்டது.

குட் லைஃப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில், கிரென்ஷா சாலையும் எக்ஸ்போசிஷன் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு அருகே இருந்த ஆரோக்கிய உணவுக் கடை அது. 1989 டிசம்பரிலிருந்து வியாழன் இரவுகளில் அங்கே யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம். பி. ஹால் என்ற அம்மையாரும் அவருடைய மகனும் நடத்தினார்கள். கெட்ட வார்த்தை கூடவே கூடாது என்பது விதி. சரக்கில்லாமல் மேடையேறினால் "தயவுசெய்து மைக்கைக் கொடுத்துவிடு" என்று கூட்டமே ஒரே குரலில் பாடி இறக்கிவிடும். ஃப்ரீஸ்டைல் ஃபெலோஷிப் என்ற ராப் குழுவின் ஏசலோன், மைக்கா நைன் எல்லாம் அங்கே பட்டை தீட்டப்பட்டவர்கள்தான்.

கேசட்டின் மூன்றாவது குரலை இந்த இரண்டு வாரத்தில் முப்பது முறையாவது கேட்டிருப்பேன். இளைஞன். இருபது வயது இருக்கலாம். மூச்சு வாங்கும் இடத்தைக்கூடத் தாளத்துக்குள் வைத்துக்கொள்கிறான். பின்னால் கடையில் யாரோ பழச்சாறு பிழியும் இயந்திரத்தைப் போடுகிறார்கள். அந்த இரைச்சலைக் கேட்டதும் தன் வேகத்தை அதோடு சேர்த்து உயர்த்துகிறான், அது நின்றதும் தானும் சட்டென்று நிறுத்துகிறான். கூட்டம் அலறுகிறது. எழுதி வைத்து ஒப்பிப்பவனால் இதைச் செய்ய முடியாது. பிறகு ஒரு வரி வருகிறது. ஏறக்குறைய இந்தப் பொருளில்: "ஒவ்வொரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போதும் என் நிழல் என்னை முந்திக்கொண்டு போகிறது." இன்னொரு வரியில் "பதினைந்து எண்பது செத்த மாதம்" என்கிறான். அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

இவர் யாராக இருக்கலாம்? இப்படிப்பட்ட எத்தனை பேர் ஒரு தட்டுகூட வெளியிடாமல் வீட்டுக்குப் போனார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


நள்ளிரவு வானொலி | ஞாயிறு, இரவு 10.02

பதினைந்து எண்பது என்பது லாஸ் ஏஞ்சலிஸின் கே.டி.ஏ.ஒய். வானொலியின் அலைவரிசை எண். 1580 ஏ.எம். நாள் முழுவதும் ராப் ஒலிபரப்பிய முன்னோடி நிலையம். 1991 மார்ச்சில் மூடப்பட்டது. ஆகவே உங்கள் கேசட் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. "செத்த மாதம்" என்று அவர் நிகழ்காலச் சூட்டோடு சொல்வதைப் பார்த்தால் அந்த வசந்த காலத்திலேயே பதிவாகியிருக்கலாம்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு மகிழ்ச்சியை விடத் துக்கம்தான் அதிகமாக வந்தது. அந்த இளைஞர் தன்னைக் கேட்க வைத்திருக்கக்கூடிய வானொலியின் மரணத்தைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத ஒருவர் வெளியே தெரிய இருந்த வழிகள் மிகக் குறைவு. நியூயார்க்கில் இருந்தால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 89.9 வானொலி. ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் 1990 முதல் 1998 வரை வியாழன் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் நடத்திய நிகழ்ச்சி. நாஸ், பிகி, ஜே-ஸீ எல்லாம் பெயர் பெறும் முன்பே அந்த அறைக்குள் நின்று பாடியிருக்கிறார்கள். இன்னொரு வழி 'தி சோர்ஸ்' என்ற ராப் இதழில் ஒப்பந்தமில்லாதவர்களுக்கென்றே வந்த மாதப் பகுதி. அதில் 1991 ஜனவரியில் டி.எம்.எக்ஸ்., அதே ஆண்டு ஜூலையில் பிற்பாடு மாப் டீப் ஆன இருவர், 1992 மார்ச்சில் பிகி, 1998 மார்ச்சில் எமினெம் என்று வந்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மாதங்களுக்கு நடுவே எத்தனை மாதங்கள்! அந்தப் பக்கங்களில் இருந்த மற்ற முகங்களும் அதே நம்பிக்கையோடுதான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11.35

இழையின் தலைப்பில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஒப்பந்தம் கிடைக்காததை ஏதோ வரன் அமையாததுபோல் பேசுகிறோம். அந்த ஒப்பந்தத்துக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள்.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். இசைத்தட்டின் விலை 10 டாலர், பாடுபவரின் பங்கு 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு 1 டாலர் 20 சென்ட். முன்பணம், ஒலிப்பதிவுச் செலவு, காணொளிச் செலவில் பாதி எல்லாம் சேர்த்து 2 லட்சம் டாலர் என்றால், அந்தத் தொகை முழுவதும் அவருடைய பங்கிலிருந்துதான் கழிக்கப்படும். சுமார் 1,67,000 பிரதிகள் விற்ற பிறகுதான் அவர் கைக்கு அடுத்த சென்ட் வரும். தாளம் அமைத்தவருக்கான விழுக்காடு அதற்குள்ளேயே போகும் என்றால் இன்னும் தாமதம். இவ்வளவுக்குப் பிறகும் மூல ஒலிப்பதிவு, அந்த நிறுவனத்தின் சொத்து. வீட்டுக்கடனை அடைத்து முடித்த பிறகும் வீடு வங்கியுடையது என்பதுபோல.

இதோடு ஒப்பிடுங்கள். ஒரு டாலர் செலவில் கேசட் அடித்து 5 டாலருக்கு விற்பவர், 3,000 கேசட் விற்றால் 12,000 டாலர் கையில் எடுத்துக்கொண்டு போவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓக்லாண்டில் டூ ஷார்ட் இப்படித்தான் தெருவில் விற்றார், கேட்பவர்களின் பெயரைச் சேர்த்துப் பாடிக்கூடக் கொடுத்தார். லண்டனில் பிளேட் என்பவர் ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கி 1993இல் ஆல்பம் வெளியிட்டார்.

ஆகவே உங்கள் கேசட் இளைஞர் எதையோ இழந்தவர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் என்பது என் கட்சி.


பழைய ஊசி | திங்கள், காலை 6.50

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது சரிதான். ஆனால் 3,000 கேசட் விற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முந்நூறு தட்டு அச்சடித்து அதில் இருநூற்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தவர்கள்தான் அதிகம்.

நான் பன்னிரண்டு அங்குலத் தட்டுகளைச் சேகரிப்பவன். 1986க்கும் 1993க்கும் இடையில் சொந்தப் பணத்தில் அச்சிடப்பட்ட ராப் தட்டுகளுக்கு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இன்று பெரிய சந்தை உண்டு. சிலவற்றின் விலை பல நூறு டாலர். சேகரிப்பாளர்கள் அவற்றை எல்லாம் மொத்தமாக 'ரேண்டம் ராப்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஒரு மனிதன் மூன்று மாதச் சம்பளத்தைப் போட்டு வெளியிட்டதை 'ஏதோ ஒன்று' என்பதா? அந்தத் தட்டு கை மாறும் ஒவ்வொரு முறையும் விற்பவனுக்கு லாபம், வாங்குபவனுக்குப் பெருமை. பாடியவனுக்கு ஒரு காசு கிடையாது. நானும் இந்தச் சந்தையில்தான் நிற்கிறேன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

இருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். முதலாமவர் பெர்சி பி. தெற்கு பிராங்ஸின் பேட்டர்சன் குடியிருப்பைச் சேர்ந்தவர். எண்பதுகளின் இறுதியில் லார்ட் ஃபினெஸ் என்ற ராப் கலைஞருடன் அவர் நேருக்கு நேர் மோதிய மோதலை இன்றும் பேசுகிறார்கள். எதுகையை ஒரு வரிக்குள்ளேயே நான்கைந்து முறை அடுக்குவார். ஆனால் தனி ஆல்பம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் நியூயார்க்கின் ஃபேட் பீட்ஸ் இசைத்தட்டுக் கடைக்கு வெளியே நின்று, கடைக்கு வருகிறவர்களிடம் தன் குறுந்தகடுகளைத் தானே விற்றார். கடைக்குள் யாருடைய தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தனவோ அவர்களில் பலர் அவருடைய எதுகையைப் படித்து வளர்ந்தவர்கள். முதல் ஆல்பம் 2007இல் வந்தது. மூன்றே ஆண்டில், 2010 செப்டம்பரில், அந்தக் கடையே மூடப்பட்டது.

இரண்டாமவர் கலிஃபோர்னியாவின் சரிஸ்மா. டி.ஜே. பீனட் பட்டர் வுல்ஃபின் நண்பர். இருவருக்கும் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தும் ஆல்பம் வரவில்லை. 1993 டிசம்பரில், இருபது வயதில், சரிஸ்மா சுட்டுக்கொல்லப்பட்டார். நண்பர் 1996இல் ஸ்டோன்ஸ் த்ரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் வெளியீடே சரிஸ்மாவோடு சேர்ந்து செய்த பாட்டுதான். அவர்களின் ஆல்பம் 2003இல் வந்தது. பெர்சி பி-யின் 2007 ஆல்பத்தை வெளியிட்டதும் அதே நிறுவனம். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. ஒருவருக்குக் கதவு திறக்காததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் கட்டிய வீடு அது.


செங்காந்தள் | திங்கள், காலை 9.15

இதுவரை ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லையே! அதே குட் லைஃப் மேடையில் மெடூசா என்ற ராப் பாடகி நின்றிருக்கிறார். அவர் முன்னால் மைக் பிடிக்க ஆண்களே தயங்கியிருக்கிறார்கள். பெரிய நிறுவனம் எதுவும் அவரை வைத்து ஆல்பம் செய்யவில்லை.

பிற்பாடு 'செல்மா' எடுத்த இயக்குநர் அவா டுவெர்னே அங்கே ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் என்ற இருவர் குழுவில் ராப் பாடியவர். 2008இல் குட் லைஃப் பற்றிய ஆவணப்படம் எடுத்ததும் அவரே. உள்ளே இருந்தவர் ஒருவர் கேமராவைக் கற்றுக்கொண்டதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. சுருள்நாடா, உங்கள் கேசட்டின் மற்ற இரு குரல்கள் ஆண்களா, பெண்களா?


சுருள்நாடா | திங்கள், பகல் 12.40

முதல் குரல் பெண். மன்னிக்க வேண்டும், முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். மங்கிய எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நான்கு எழுத்துக்கு மேல் தேறவில்லை. ஊகித்து ஒரு பெயரை எழுத மனமில்லை.


லைமர்ட் வியாழன் | திங்கள், இரவு 8.20

நான் அந்த ஊரில் மாணவனாக இருந்தவன். குட் லைஃப் காலத்தில் இல்லை. அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியினர் 1994இல் சற்றுத் தள்ளி லைமர்ட் பார்க்கில், பென் கால்ட்வெல் நடத்தும் கேயாஸ் நெட்வொர்க் கட்டடத்தில் 'புராஜெக்ட் ப்ளோட்' என்ற வியாழன் மேடையைத் தொடங்கினார்கள். 2003இல் அங்கே பதினைந்து, இருபது முறை போயிருக்கிறேன்.

உள்ளே நடந்ததைவிட வெளியே நடந்ததுதான் என் நினைவில் நிற்கிறது. நடைபாதையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள். யாரோ ஒருவருடைய காரின் கதவு திறந்திருக்கும், அதிலிருந்து தாளம் வரும். ஒருவர் தடுமாறும் நொடியில் அடுத்தவர் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார். விழுந்த பந்தைத் தரையைத் தொடுமுன் எடுப்பதுபோல. ஒரு நாள் என்னோடு வந்த நண்பனின் சட்டையில் குழம்புக் கறை இருந்தது. வட்டத்தில் நின்ற ஒருவர் அந்தக் கறையிலிருந்து தொடங்கி மஞ்சள், வெயில், அவருடைய பாட்டியின் சமையலறை, பாட்டியின் மருத்துவமனைப் படுக்கை என்று கொண்டுபோய் முடித்தார். இரண்டு நிமிடம்கூட இருக்காது. முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் நின்றவர் அவர் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். நம்மவர்கள் ஆசுகவி என்று சொன்னது இதைத்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அவர் பகலில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குபவர். வயது 27. "இன்னும் மூன்று ஆண்டுதான்" என்று என்னிடம் சொன்னார். எதற்கு என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அந்த மேடையைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்த சமூகவியலாளர் ஜூயங் லீ 2016இல் ஒரு நூல் எழுதினார். பெயர் பெறுவதற்குள் வயது ஓடிவிடுமோ என்ற அவசரம் அந்த இளைஞர்களை எப்படித் துரத்தியது என்பதே அதன் சாரம். படித்தபோது கிடங்கு நண்பரின் முகம்தான் வந்தது.

ஏன் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை என்பதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம், 1992இல் டாக்டர் டிரேயின் ஆல்பம். இந்த இரண்டு வெற்றிகளுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் துப்பாக்கியும் தெருச்சண்டையும்தான் விற்கும் என்று நிறுவனங்கள் நம்பிவிட்டன. கெட்ட வார்த்தைக்கே இடம் கொடுக்காமல், ஜாஸ் பாடகர்களைப் போலச் சொல்லை உடைத்துப் பாடிய இந்தப் பிள்ளைகளை எந்த அலமாரியில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஃப்ரீஸ்டைல் ஃபெலோஷிப் 1991இல் தாங்களே ஒரு ஆல்பம் வெளியிட்டு, 1993இல் பெரிய நிறுவனத்தின் வழியாக இன்னொன்று வெளியிட்டார்கள். அதன் பின் குழுவில் ஒருவர் சிறைக்குப் போனார், குழு சிதறியது. அவர்களுக்கே அந்த நிலை.

சுருள்நாடா, ஒன்று கேட்க வேண்டும். அந்த இளைஞர் முடிக்கும்போது கூட்டம் "மைக்கைக் கொடுத்துவிடு" என்று பாடுகிறதா?


ஸ்காபரோ நிலவறை | செவ்வாய், அதிகாலை 1.05

இரவு வேலை முடிந்து வந்து இந்த இழையை ஒரே மூச்சில் வாசித்தேன். நான் டொராண்டோவில் இருக்கிறேன். 2001 தொடக்கம் 2005 வரை நானும் ராப் பாடினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும். யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது எனக்கு ஒன்பது வயது. பேச வேண்டியது நிறைய இருந்தது.

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் கணக்கில் ஒரு வரியைச் சேர்க்க விரும்புகிறேன். எனக்கு ஒப்பந்தம் தருவதாகச் சொன்ன ஒரு சிறு நிறுவனம் பதினொரு பாடல்களைத் தங்கள் கலையகத்தில் பதிவு செய்தது. தாள் எதிலும் நான் கையொப்பமிடவில்லை. பிறகு அவர்கள் கடையை மூடிவிட்டார்கள். மூலப் பதிவு அடங்கிய வன்தட்டு எங்கே என்று கேட்டேன். கலையகத்துக்குப் பணம் கட்டினால் தருவோம் என்றார்கள். அவ்வளவு பணம் என்னிடம் இருக்கவில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று என் அம்மாவின் குரலோடு தொடங்கும். தொலைபேசியில் அவர் "சாப்பிட்டியா" என்று கேட்பதை நான் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தேன். அம்மா 2009இல் காலமானார். அந்தக் குரல் எங்கோ ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது, அல்லது அழிந்துவிட்டது.

பிறகு கடன் வாங்கி நானே 500 இறுவட்டுகள் அடித்தேன். 312 இன்னும் வீட்டு நிலவறையில் இருக்கின்றன. போன கோடையில் என் மகள் ஒன்றை எடுத்து வந்து "அப்பா, இது நீங்களா?" என்று கேட்டாள். முழுவதும் கேட்டாள். இரண்டாம் பாட்டில் நான் மூச்சைத் தவறான இடத்தில் விடுகிறேன் என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

எங்களை வீரர்களாக்க வேண்டாம். பரிதாபப்படவும் வேண்டாம். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், மூச்சு தவறினால் தவறியது என்று சொல்லுங்கள். யாரும் கேட்டு அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.


கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 8.30

தம்பி, உங்கள் வரியைச் சேர்த்துக்கொண்டேன். என் கட்சியிலிருந்து ஒரு படி இறங்குகிறேன். ஒப்பந்தத்துக்குள் போனவர்கள் இழந்தது பணம். வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் குரலையே இழந்திருக்கிறார்கள்.

இப்போது எல்லாம் எளிதாகிவிட்டதே என்பவர்களுக்கு ஒன்று. 2024 தொடக்கத்திலிருந்து, கடந்த 12 மாதங்களில் 1,000 முறைக்குக் குறைவாக ஒலித்த பாடலுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் பாடல் கோப்பை நேரடியாக வாங்கினால் வழக்கமாக 15 விழுக்காடும் பணம் செலுத்தும் கட்டணமும் போக மீதி பாடியவருக்குப் போகிறது. உங்கள் 312 இறுவட்டில் எனக்கு இரண்டு வேண்டும். தனி மடல் அனுப்புகிறேன்.


பழைய ஊசி | செவ்வாய், காலை 8.44

எனக்கும் ஒன்று. இரண்டாம் பாட்டைப் பற்றி உங்கள் மகள் சொன்னது சரியா என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.


செங்காந்தள் | செவ்வாய், இரவு 7.55

கல்லூரியில் தமிழ் படிப்பிப்பவள் என்பதால் எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. சங்கப் பாட்டைத் தொகுத்தவர்களுக்கும் சுருள்நாடாவின் சிக்கலே வந்தது. பாட்டு கையில் இருக்கிறது, பாடியவர் பெயர் இல்லை. அவர்கள் பெயரை ஊகிக்கவில்லை. பாட்டிலிருந்தே எடுத்து வைத்தார்கள். குறுந்தொகை 40இல் செம்மண்ணில் பெய்த மழையைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார் ஆனார். அடுத்த பாட்டிலேயே அணில் விளையாடும் முற்றத்தைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். நற்றிணையில் இரு யானைகள் பற்றி இழுக்கும் பழங்கயிற்றைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். எல்லோருக்கும் அந்த 'ஆர்' விகுதி. பெயர் தெரியாதவருக்கும் மரியாதை குறையவில்லை.

விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது நிழல் முந்துகிறது என்று பாடிய அந்தப் பிள்ளைக்கு, உண்மைப் பெயர் கிடைக்கும்வரை, முந்துநிழலார் என்று வைக்கலாமா?


சுருள்நாடா | செவ்வாய், இரவு 11.20

லைமர்ட் வியாழன் கேட்டதற்காக இன்று மறுபடியும் கடைசிப் பகுதியைத் தலையணிக் கருவியில் கேட்டேன். கூட்டம் அவரை இறக்கவில்லை. பழச்சாறு இயந்திரத்துக்குப் பிறகு ஒரு பெண் "இன்னும், இன்னும்" என்கிறார். அவர் புதிய வரியைத் தொடங்குகிறார், "என் அம்மா" என்று சொல்கிறார், அங்கே நாடாவின் அந்தப் பக்கம் தீர்ந்துவிடுகிறது. மறுபக்கத்தில் வேறொரு வியாழன்.

கணினியில் கோப்பைச் சேமித்துவிட்டேன். பெயர்: முந்துநிழலார், குட் லைஃப், வியாழன், 1991 மார்ச்சுக்குப் பின். முதல் குரலின் நான்கு எழுத்தையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை லைமர்ட் பார்க் பக்கம் போகிறேன். கேசட்டையும், கேட்பதற்கு ஒரு சிறிய பிளேயரையும் எடுத்துப் போகிறேன். அந்தக் காலத்தில் அங்கே இருந்த யாராவது ஒருவர் காதில் அதை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்காபரோ நண்பரே, எனக்கும் ஒரு இறுவட்டு அனுப்புங்கள்.